ஆயில், பிரேக், டயர், பேட்டரி: கார் பராமரிப்புத் தொழிலைக் கற்க ஒரு வழிகாட்டி

ஒரு கார் சர்வீஸ் நிலையத்தில் காலை ஒன்பது மணிக்கு எழுதப்படும் ஜாப் கார்டுகளை, அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் செய்ய வேண்டிய வேலையைக் குறிக்கும் அட்டைகளை, வரிசையாகப் புரட்டிப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை ஆயில் மாற்றுவது, ஃபில்டர் மாற்றுவது, பிரேக் பார்ப்பது, சக்கரங்களை இடம் மாற்றிப் பூட்டுவது, பேட்டரி சோதிப்பது, ஏ.சி. குளிரவில்லை என்ற புகார் ஆகியவற்றையே சொல்லும். இன்ஜினை இறக்கிப் பிரித்துக் கட்டும் வேலை எப்போதாவதுதான் வரும். இருந்தும் இத்தொழிலுக்கு வரும் இளைஞர்களில் பலர் இன்ஜின் பிரிக்கத் தெரிந்தவனே மெக்கானிக் என்ற எண்ணத்தோடு வந்து, மற்ற வேலைகளைக் கடைப்பையன்களுக்கு உரியவை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. தினமும் வரும் ஏழெட்டு வேலைகளை அளந்து, பிழையின்றி, ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகச் செய்யக் கற்றவருக்கே முதலில் வேலை கிடைக்கிறது, இன்ஜின் பக்கம் போகும் வாய்ப்பும் பிறகு அவருக்கே வருகிறது என்பது என் கருத்து.

எங்கே படிப்பது

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு தேறிய ஒருவருக்கு நேரான வழி, ஐ.டி.ஐ. என்று எல்லோரும் சொல்லும் தொழிற்பயிற்சி நிலையம். அங்கே வாகனம் தொடர்பாக இருக்கும் பிரிவுகளில், கார் வேலையை விரும்புகிறவர் எடுக்க வேண்டியது இரண்டு ஆண்டு கால மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு. டீசல் மெக்கானிக் பிரிவு ஓராண்டுதான். லாரி, டிராக்டர், ஜெனரேட்டர் பக்கம் போக நினைப்பவர்களுக்கு அது பொருந்தும். இரு சக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கென்று தனியே ஓராண்டுப் பிரிவு உண்டு. சீக்கிரம் முடிகிறது என்பதற்காக மட்டும் ஓராண்டுப் பிரிவைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு கார் நிறுவனங்களின் சர்வீஸ் நிலையங்களில் வேலை தேடி அலைபவர்கள் உண்டு. ஆகவே எந்த வண்டியில் கை வைக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்த பிறகு விண்ணப்பிப்பது நல்லது.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை இணையவழியில் விண்ணப்பங்களை வாங்கத் தொடங்கும். அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் இலவசப் பேருந்துப் பயண அட்டையும் கிடைக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் ஆகிய திட்டங்களின் கீழ் மாதம் 1000 ரூபாய் பெறவும் வழி இருக்கிறது. உங்களுக்கு அது பொருந்துமா என்பதைச் சேர்க்கையின்போதே அலுவலகத்தில் கேட்டு, அதற்குரிய சான்றுகளை அன்றே ஒப்படையுங்கள். இரண்டாண்டுப் படிப்பை முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மேலே படிக்கும் வாசல் அடைந்துவிடும் என்று வீட்டில் யாராவது தயங்கினால் இதைச் சொல்லுங்கள்.

இப்படிப்பில் ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 840 மணி நேரம் செய்முறைக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. எழுத்துத் தேர்வில் தேற 33 சதவீதம் போதும். செய்முறையில் 60 சதவீதம் வேண்டும். வருகைப் பதிவு 80 சதவீதத்துக்குக் குறைந்தால் தேர்வே எழுத முடியாமல் போகலாம். இந்த எண்களே இப்படிப்பு எதை மதிக்கிறது என்பதைக் காட்டிவிடுகின்றன. ஆனால் அந்த 840 மணி நேரமும் உங்கள் கைக்கு வந்து சேருமா என்பது நிலையத்துக்கு நிலையம் மாறும். எனவே சேரும் முன் ஒரு நாள் நேரில் சென்று பட்டறையைப் பாருங்கள். அங்கே நிற்கும் கார் ஓடும் நிலையில் இருக்கிறதா, அல்லது பல ஆண்டுகளாகத் தூசி படிந்து காட்சிப்பொருளாக நிற்கிறதா? 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்குப் பிந்தைய இன்ஜின் ஒன்றாவது உண்டா? ஒரு வண்டிக்கு எத்தனை மாணவர்கள்? நட்டைக் குறித்த அளவு விசையில் முறுக்க உதவும் டார்க் ரெஞ்சும், காரின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேன் கருவியும் மாணவர் கையில் இருக்கின்றனவா, அலமாரியில் பூட்டப்பட்டிருக்கின்றனவா? மூத்த மாணவர் ஒருவரிடம், கடைசியாக எப்போது பிரேக் கழற்றினீர்கள் என்று கேட்டால் அவர் சொல்லும் பதில் எந்த விளம்பரத் தாளையும்விட உண்மையாக இருக்கும்.

ஊரிலுள்ள மெக்கானிக் ஷெட்டில் பையனாகச் சேர்ந்து கற்பது நம்மிடையே நெடுநாளாக இருந்துவரும் முறை. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். துருப்பிடித்த போல்ட் எந்தக் கணத்தில் இளகப் போகிறது, எந்தக் கணத்தில் முறியப் போகிறது என்பதை மணிக்கட்டு உணர்ந்துகொள்ளும் பழக்கம் வகுப்பறையில் வராது. ஆனால் ஷெட்டில் மட்டுமே கற்றவருக்கு இரண்டு குறைகள் ஏற்படுகின்றன. ஒன்று, செய்யும் வேலைக்குக் காரணம் தெரியாமல் போவது. மற்றொன்று, பத்தாண்டு அனுபவம் இருந்தும் காட்டுவதற்கு ஒரு தாள் இல்லாமல் போவது. இரண்டாவது குறைக்கு, முன்னனுபவத்தைச் சோதித்துச் சான்று தரும் மத்திய அரசின் திட்டம் ஓரளவு உதவும். மேலானது, ஐ.டி.ஐ.யில் படிக்கும்போதே விடுமுறைகளிலும் ஞாயிறுகளிலும் தெரிந்த ஷெட் ஒன்றில் கூட நிற்பதுதான். மூன்றே மாதத்தில் முழு மெக்கானிக் ஆக்குவதாகச் சொல்லிப் பெரும்பணம் கேட்கும் தனியார் பயிற்சிகளில் சேர்வதற்கு முன், அவர்கள் தரும் சான்றிதழை யார் ஏற்கிறார்கள் என்று கேளுங்கள்.

முதலில் அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

முதல் ஆண்டில் வெர்னியர் காலிப்பர், மைக்ரோமீட்டர், ஃபீலர் கேஜ் ஆகியவற்றை வைத்து இரும்புத் துண்டுகளை அளக்கச் சொல்வார்கள். பலருக்கு அது சலிப்பாக இருக்கும். வெர்னியர் 0.02 மில்லிமீட்டர் வரையும் மைக்ரோமீட்டர் 0.01 மில்லிமீட்டர் வரையும் காட்டும் என்பதை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடுகிறார்கள். சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க்கின் கனம் அதில் அச்சிடப்பட்டிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போய்விட்டதா என்று முடிவு செய்ய வேண்டிய நாளில்தான் அந்தச் சலிப்பின் பயன் புரியும். கண்ணால் பார்த்து, இன்னும் ஓடும் சார் என்று சொல்பவருக்கும், அளந்து எண்ணை எழுதிக் காட்டுபவருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை வாடிக்கையாளர் உடனே கண்டுகொள்வார்.

டார்க் ரெஞ்சையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். சிறிய கார்களின் சக்கர நட்டுகளைப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் முறுக்கச் சொல்வார்கள். அந்த வண்டிக்குரிய துல்லியமான அளவு அதன் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். நட்டுகளை முதலில் கையால் இரண்டு மூன்று சுற்று ஏற்றி, பிறகு ஒன்றுக்கு எதிரே மற்றொன்று என்ற முறையில் குறுக்காக இறுக்கி, சக்கரம் தரையில் பட்ட பிறகு ரெஞ்சால் முடிக்க வேண்டும். ஏர் கன்னை வைத்து ஒரே மூச்சில் ஓட்டிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படி இறுக்கிய சக்கரம் நள்ளிரவில் நெடுஞ்சாலையில் பஞ்சரானால், வண்டியோடு வந்த ஸ்பேனரால் அதைக் கழற்ற முடியாமல் ஒரு குடும்பமே நடுவழியில் நிற்க நேரிடும்.

ஸ்பேனர்களைப் பொறுத்தவரை, தொடக்கத்திலேயே பெரிய செட் வாங்க வேண்டியதில்லை. 8 முதல் 19 மில்லிமீட்டர் வரையிலான ரிங் ஸ்பேனர்கள், ஒரு பாக்ஸ் செட், நல்ல ஸ்குரூ டிரைவர்கள், ஒரு கட்டிங் பிளையர், ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு டார்ச் ஆகியவை போதும். மலிவான ஸ்பேனர் போல்ட்டின் தலையை உருட்டிவிடும். உருண்ட தலையைக் கழற்ற ஆகும் நேரத்தில் நல்ல ஸ்பேனரின் விலையைச் சம்பாதித்துவிடலாம்.

ஐந்து வேலைகள்

ஆயில் மாற்றுவதை எல்லோரும் எளிது என்பார்கள். நான் அறிந்தவரை, புதியவர்கள் அதிகம் தவறு செய்வதும் அதில்தான். இன்ஜினை மிதமாகச் சூடாக்கி, வண்டியைச் சமதளத்தில் உயர்த்தி, வடிகால் போல்ட்டைக் கழற்றி, ஆயில் சொட்டுவது நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். போல்ட்டைத் திரும்பப் போடும்போது வாஷரை மாற்ற வேண்டும். பழைய வாஷர் ஒருமுறை நசுங்கிவிட்டதால் மறுபடி சரியாக அடைக்காது. கசிவதாகத் தோன்றினால் இன்னும் இறுக்கலாம் என்று முறுக்குவதால்தான் அலுமினியத் தொட்டியின் த்ரெட் அடிபட்டுப் போகிறது. சில ரூபாய் வாஷரை மிச்சம் பிடிக்கப் போய் முழு ஆயில் தொட்டியையே மாற்றிக் கொடுத்த ஒரு பட்டறையை நான் பார்த்திருக்கிறேன். திருகிப் பூட்டும் வகை ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயிலைத் தடவி, கையால் ஏற்றி, வளையம் தொட்ட பிறகு ஏறத்தாழ முக்கால் சுற்று மட்டும் திருப்ப வேண்டும். அதற்கு முன், பழைய ஃபில்டரின் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க மறக்காதீர்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் சாலையிலேயே ஆயில் முழுவதும் கொட்டிவிடும்.

எந்த ஆயில் என்பது இன்று தனிப் பாடம். முன்பு ஒரே பீப்பாயிலிருந்து எல்லா வண்டிக்கும் ஊற்றினார்கள். இப்போதைய பெட்ரோல் கார்கள் சிலவற்றுக்கு 0டபிள்யூ-16 போன்ற மிக இளகிய ஆயில் குறிப்பிடப்படுகிறது. புகைத்துகள் வடிகட்டி பொருத்திய பி.எஸ். 6 டீசல் கார்களுக்குச் சாம்பல் குறைவான ஆயிலே வேண்டும். வேறு ஆயில் ஊற்றினால் வடிகட்டி நாளடைவில் அடைத்துக்கொள்ளும். டப்பாவில் உள்ள எழுத்துகளை வண்டியின் கையேட்டோடு ஒப்பிடும் பழக்கத்தைப் பயிற்சிக் காலத்திலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். ஊற்றி முடித்ததும் இன்ஜினைச் சற்று ஓட்டி நிறுத்தி, சில நிமிடம் கழித்து ஆயில் அளவுக் கம்பியில் அளவு பாருங்கள். அதிகம் ஊற்றுவதும் குறைவாக ஊற்றுவதைப் போலவே கெடுதல்தான்.

பிரேக் வேலையில் கவனம் இன்னும் கூட வேண்டும். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட்டின் கனம் தேய்ந்து 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றச் சொல்வது பொதுவான வழக்கம். உள்பக்கப் பேட்டையும் பார்க்க வேண்டும். பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகமான பிரேக் காலிப்பர் வழுக்கி நகர்வதற்கான கம்பி இறுகிப்போன வண்டிகளில் வெளிப்பேட் புதிதுபோல இருக்க, உள்பேட் இரும்புவரை தேய்ந்திருக்கும். கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். பிரேக் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள். அது நேராக நுரையீரலுக்குள் போகும். புதுப் பேட் போட்டு முடித்ததும், வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்குவது எந்தச் சூழ்நிலையிலும் விடக்கூடாத படி. பின்தள்ளிய பிஸ்டன் பேட்டைத் தொடும்வரை பெடல் வெறுமனே தரைவரை போகும்; பட்டறைக்குள்ளேயே வண்டி சுவரில் மோதுவதற்கு இதுவே காரணமாகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். மலைப்பாதையில் பிரேக் பிடித்துப் பிடித்து இறங்கும்போது அது கொதித்து ஆவியானால் பெடல் தளர்ந்துவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். இந்தக் காரணத்தைப் புரியும்படி சொன்னால் வாடிக்கையாளரும் மறுக்க மாட்டார்.

டயரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். சரியான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். டயர் பட்டையிலுள்ள பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் தேய்மானக் குறி பட்டையோடு சமமாகிவிடும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கரங்கள் நிற்கும் கோணமான அலைன்மென்ட் அல்லது குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் பக்கம் பார்க்க வேண்டும்.

இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் வேலையில் ஒரே எச்சரிக்கை போதும்: சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்காதீர்கள். முகமும் கையும் வெந்துபோனவர்கள் இத்தொழிலில் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

ஐந்தாவது பேட்டரி. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பூட்டும்போது பாசிட்டிவ் முதலில் என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள். பாசிட்டிவ் முனையைக் கழற்றும் ஸ்பேனர் தவறி உடல் தகட்டைத் தொட்டாலும், நெகட்டிவ் ஏற்கெனவே பிரிந்திருந்தால் தீப்பொறி எழாது என்பதே அதன் காரணம். முழுவதும் சார்ஜ் ஆன பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவு காட்டும். செல்ஃப் அடிக்கும்போது ஏறத்தாழ 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட்டுக்குள் இருந்தால் இன்ஜினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் பேட்டரியைச் சார்ஜ் செய்கிறது என்று பொருள். மின்சுமையைப் பார்த்து ஆல்டர்னேட்டரைத் தானே கூட்டிக் குறைக்கும் புதிய வண்டிகளில் இது மாறக்கூடும். இந்த மூன்று அளவுகளையும் வரிசையாக எடுத்தால், வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்ற புகாரில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். பேட்டரியை மாற்றிப் பார்ப்போம் என்று அடுத்தவர் பணத்தில் பரிசோதனை செய்ய வேண்டியதில்லை.

மல்டிமீட்டரும் ஸ்கேனரும்

இன்றைய காரில் வயரிங் தெரியாதவர் பராமரிப்பில்கூட நீண்ட தூரம் போக முடியாது. ஒரு விளக்கு மங்கலாக எரிந்தால், அதன் எர்த் இணைப்புக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே விளக்கு எரியும் நிலையில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். ஓரளவு வோல்ட் அங்கே காட்டினால் துருப்பிடித்த எர்த்தே குற்றவாளி. இந்த ஒரு சோதனையைக் கையில் ஏற்றிக்கொண்டவர், சுற்றியுள்ளவர்கள் பல்பை மாற்றிக்கொண்டிருக்கும்போது வேலையை முடித்துவிடுவார்.

ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனைகள் கொண்ட இணைப்பில் ஸ்கேனரைச் செருகினால் கோளாறைக் குறிக்கும் கோடு (code) எண்கள் வரும். பி0300 என்பது சிலிண்டர்கள் ஒழுங்கின்றி எரியத் தவறுவதைச் சொல்கிறது. பி0171 கலவையில் பெட்ரோல் குறைவாக இருப்பதைச் சொல்கிறது. எந்தப் பாகம் கெட்டது என்பதை அவை சொல்வதில்லை. பி0171 வந்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பலநேரம் விரிசல் விட்ட ஒரு காற்றுக் குழாயே காரணமாக இருக்கும். கோடு எண்ணை அழித்துவிட்டு வண்டியை அனுப்புவதையும் பழுதுபார்த்தல் என்று எண்ணிவிடாதீர்கள்.

மின்சாரக் கார்களும் ஹைபிரிட் கார்களும் சர்வீஸுக்கு வரத் தொடங்கிவிட்டதால், ஆரஞ்சு நிற வயர்களில் உயர் மின்னழுத்தம் இருக்கிறது என்பதைக் கற்கத் தொடங்கும் நாளிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கென்று தனிப் பயிற்சியும் காப்புக் கையுறையும் இல்லாதவர் அவற்றைத் தொடக் கூடாது. அந்த வண்டிகளின் டயர், பிரேக், சஸ்பென்ஷன், 12 வோல்ட் பேட்டரி ஆகியவை நீங்கள் கற்ற வேலைகளே. ஐ.டி.ஐ.களில் மின்சார வாகனத்துக்கென்றே இப்போது தனிப் பிரிவும் வந்திருக்கிறது.

அப்ரண்டிஸ் ஆண்டு

ஐ.டி.ஐ. முடித்தவுடன் கிடைக்கும் முதல் சம்பளத்துக்கு ஓடிவிடாமல், 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் அப்ரண்டிஸாக ஓர் ஆண்டைக் கழிப்பதை நான் வலியுறுத்துவேன். உதவித்தொகை முழுச் சம்பளத்தைவிடக் குறைவாக இருக்கும். ஆனால் முடிவில் தேர்வெழுதிப் பெறும் தேசியப் பழகுநர் சான்றிதழுக்கு அரசுப் போக்குவரத்துக் கழகங்களிலும் பெரிய நிறுவனங்களிலும் மதிப்பு உண்டு. சேரும்போது ஒப்பந்தம் அரசின் இணையதளத்தில் பதிவாகிறதா என்று பாருங்கள். பதிவு செய்யாமல் டிரெய்னி என்று சொல்லி வேலை வாங்கும் இடத்தில் ஓராண்டு உழைத்தாலும் அந்தச் சான்றிதழ் வராது.

அந்த ஆண்டில் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் தொட்ட வண்டியின் மாடல், ஓடிய கிலோமீட்டர், வந்த புகார், அளந்த எண், செய்த வேலை ஆகியவற்றை நான்கு வரியில் எழுதி வாருங்கள். ஆறு மாதத்துக்குப் பின் அதைப் புரட்டினால், எந்த மாடலில் எந்தக் கோளாறு எத்தனை கிலோமீட்டரில் திரும்பத் திரும்ப வருகிறது என்பது உங்களுக்கே தெரிய வரும். ஜாப் கார்டை, வாடிக்கையாளரிடம் புகாரைக் கேட்டுக் குறிக்கும் அட்வைசர் எழுதியபடியே நம்பிவிடாமல், முடிந்தால் வாடிக்கையாளர் சொன்ன வார்த்தையையே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முன்பக்கம் சத்தம் என்று கார்டில் இருக்கும். வேகத்தடையில் ஏறும்போது மட்டும் டக் என்று கேட்கிறது என்று அவர் சொல்லியிருப்பார். இரண்டாவது வாக்கியம் உங்களை நேராகச் சஸ்பென்ஷனின் பாகங்களான லிங்க் ராடிடமோ பால் ஜாயிண்டிடமோ கொண்டுபோய் விடும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாமல் ஸ்டாண்ட் வைப்பது, மோதிரத்தையும் கைச்சங்கிலியையும் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குவது, கழிவு ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் அதற்கென அனுமதி பெற்றவர்களிடம் ஒப்படைப்பது ஆகியவற்றை மேற்பார்வையாளர் பார்க்காத வேளையிலும் செய்ய வேண்டும்.

வேலைக்கான நேர்காணலில் பெரும்பாலும் ஒரு சக்கரத்தைக் கழற்றிப் பிரேக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டச் சொல்வார்கள். நீங்கள் எவ்வளவு வேகமாக முடிக்கிறீர்கள் என்பதை அவர்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஹேண்ட் பிரேக் போட்டு மறு சக்கரத்துக்குக் கட்டை வைத்தீர்களா, வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளை இளக்கினீர்களா, ஜாக்கியைச் சரியான இடத்தில் கொடுத்தீர்களா, நட்டுகளைக் கையால் ஏற்றினீர்களா, கடைசியில் டார்க் ரெஞ்சைக் கேட்டு வாங்கினீர்களா என்று பார்ப்பார்கள். அங்கே ரெஞ்ச் கண்ணில் படாவிட்டாலும் கேளுங்கள்.